எட்டு போடுவதற்கு முன்னும் பின்னும்: டூவீலர் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் அண்ணன் மகள் போன் செய்தாள். 18 வயது முடிந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. "அத்தை, தெரிஞ்ச புரோக்கர் யாராச்சும் இருக்காங்களா? லைசென்ஸ் எடுக்கணும்." நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை, நேராகப் புரோக்கருக்குப் போய்விட்டாள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றாலே நம் ஆட்களுக்கு அப்படி ஒரு நினைப்பு பதிந்துபோயிருக்கிறது. நான் என் 34ஆவது வயதில், புரோக்கர் இல்லாமல், ஒரு தடவை ஃபெயிலாகி, இரண்டாவது தடவை பாஸாகி லைசென்ஸ் வாங்கியவள். அன்று அவளுக்குப் போனில் முக்கால் மணி நேரம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் எடுக்கிறவர்களுக்கு இது பொருந்தும். சட்டம் இந்தியா முழுக்க ஒன்றுதான், நடைமுறை மட்டும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

முதலில், எந்த வண்டிக்கு எந்த வயது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பைக்கோ ஸ்கூட்டரோ ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும். "16 வயசுல ஸ்கூட்டி ஓட்டலாமாமே" என்று பல பெற்றோர்கள் நம்புகிறார்கள். அது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 16 வயதில் ஓட்டலாம் என்று சட்டம் சொல்வது 50 சிசிக்கு மேல் போகாத வண்டியை மட்டும். இன்று கடையில் போய் 50 சிசி பெட்ரோல் வண்டி கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் சிரிப்பார். ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100, 110, 125 சிசி.

மொபெட்டில்தான் இந்தக் குழப்பம் அதிகம். 1980இல் வந்த டிவிஎஸ் 50 நிஜமாகவே 50 சிசி வண்டி. அந்தப் பெயர் நம் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டதால் இன்று ரோட்டில் ஓடும் எக்ஸ்.எல். 100ஐயும் எங்கள் தெருவில் "டிவிஎஸ் பிப்டி" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதன் இன்ஜின் 99.7 சிசி. பால் கேன் தொங்கினாலும், மூட்டை ஏற்றினாலும், பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அதற்கும் 18 வயது வேண்டும், லைசென்ஸ் வேண்டும், ஹெல்மெட் வேண்டும். "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுக்கிற அப்பாக்கள் ஒரு பிரிவை மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும்: 2019இல் சேர்த்த 199ஏ. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஒரு பாக்கெட் பாலுக்கு இது ரொம்ப அதிக விலை.

எலெக்ட்ரிக் வண்டி? மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்றால் சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே பார்ப்பதில்லை. லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். அதற்கு மேல் போகிற எல்லா எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும், அதாவது ரோட்டில் நம்மைச் சத்தமில்லாமல் முந்திப் போகிற அத்தனைக்கும், மற்ற ஸ்கூட்டர் மாதிரியேதான். வாங்கும்போது "லைசென்ஸ் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

லைசென்ஸில் இரண்டு வகை: கியர் இல்லாதது, கியர் உள்ளது. ஸ்கூட்டர், எக்ஸ்.எல். எல்லாம் முதல் வகை. என் யோசனை, முடிந்தால் கியர் உள்ளதற்கே போடுங்கள். அதை வைத்துக்கொண்டு ஸ்கூட்டரும் ஓட்டலாம். ஸ்கூட்டர் லைசென்ஸை வைத்துக்கொண்டு பைக் ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். வாழ்நாளில் பைக் பக்கமே போக மாட்டேன் என்று உறுதியாக இருந்தால் சரி, கியர் இல்லாததே போதும்.

எல்.எல்.ஆர். போடுவது

மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் சாரதி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, எல்.எல்.ஆர். என்று நாம் சொல்கிற பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கையில் ஆதார், வயதுச் சான்று, போட்டோ, கையெழுத்தின் படம், ஆதாரோடு இணைத்த போன் நம்பர் இருந்தால் அரை மணி நேர வேலை. உடல்நலம் பற்றிய படிவம் 1ஐ நீங்களே நிரப்பிக் கையெழுத்துப் போடலாம். 40 வயது தாண்டியிருந்தால் டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும். இடையில் ரத்தப் பிரிவு கேட்பார்கள், இறந்த பின் உறுப்பு தானம் செய்ய விருப்பமா என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பார்த்து நான் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டேன், வண்டி ஓட்டவே இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதற்குள் இப்படியா என்று. விருப்பம்தான், கட்டாயமில்லை.

இரண்டு இடத்தில் நிதானமாக இருங்கள். ஒன்று பெயர். நம் ஊர் இனிஷியல் பிரச்சினை தெரிந்ததுதான்: பள்ளிச் சான்றிதழில் முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பது நல்லது. இன்னொன்று முகவரி. இப்போது லைசென்ஸ் அட்டை ஆபீஸில் கையில் கிடைப்பதில்லை, விரைவுத் தபாலில் வீட்டுக்கு வருகிறது. கதவு எண் தப்பானால் அட்டை வந்த வழியே திரும்பிவிடும்.

கட்டணம் எவ்வளவு என்று தெரிந்தால் புரோக்கரின் கணக்கும் புரிந்துவிடும். மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு வண்டி வகை ஒன்றுக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50. பிறகு லைசென்ஸுக்கு ஓட்டும் தேர்வு 300, அட்டை 200. அதற்கு மேல் மாநிலத்தின் சேவைக் கட்டணம் கொஞ்சம் சேரும். இதைப் போலப் பல மடங்கு யாராவது கேட்டால், மீதிப் பணம் நீங்கள் கம்ப்யூட்டர் முன் உட்காரச் சோம்பல்படுவதற்கான கூலி. கம்ப்யூட்டர் சரிப்படாதவர்கள் பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போகலாம், அது வேறு, அங்கே ரசீது கொடுப்பார்கள்.

எல்.எல்.ஆர். தேர்வு கம்ப்யூட்டரில், தமிழிலேயே எழுதலாம். சாலைக் குறிகள், சிக்னல், யார் யாருக்கு வழிவிட வேண்டும், விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும், என்னென்ன காகிதம் வைத்திருக்க வேண்டும், இவ்வளவுதான் பாடம். 60 சதவீதம் எடுத்தால் பாஸ். ஒரு நாள் மாலை படித்தால் போதும், ஆனால் அந்த ஒரு மாலை படியுங்கள். சிவப்பு விளிம்பு வட்டத்துக்குள் இருப்பது கட்டளை, மீறினால் அபராதம், முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல். இந்த மூன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை ஊகிக்கலாம். ஆளில்லாத ரயில்வே கேட் பற்றி ஒரு கேள்வி வர வாய்ப்பு உண்டு. வண்டியை நிறுத்தி, துணைக்கு ஆள் இல்லாவிட்டால் ஓட்டுகிறவரே இறங்கிப் போய், இரண்டு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்துவிட்டு வந்துதான் கடக்க வேண்டும் என்பது சட்டம். "ஹாரன் அடித்துக்கொண்டே வேகமாகக் கடப்பது" என்பதை டிக் செய்துவிட்டு வந்தவர் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

எல் போர்டு மாட்டிய நாட்கள்

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியும். இந்த 30 நாளை எல்லோரும் காத்திருக்கும் காலமாக நினைக்கிறார்கள். டூவீலருக்குப் பயிற்சிப் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, அதனால் உங்களுக்குக் கிடைக்கப்போகிற பயிற்சி இந்த 30 நாளில் நீங்களே செய்துகொள்வதுதான். சொல்லப்போனால் லைசென்ஸ் எடுக்கும் வேலையில் இதுதான் முக்கால்வாசி.

வண்டியின் முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணி, சிவப்பு எழுத்து, பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்துக்குக்கூட அளவு இருக்கிறது: 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன். ஸ்டிக்கர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, லைசென்ஸ் வைத்திருந்து உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவரைத் தவிர. தோழியைப் பின்னால் வைத்துக்கொண்டு எல் போர்டோடு பஜாருக்குப் போவது இதில் வராது.

எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானம், அவருடைய பழைய எக்ஸ்.எல். முதல் நாள் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. தள்ளிக்கொண்டு ஒரு சுற்று நட என்றார். அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போடு, எடு, போடு, எடு. எரிச்சலாக இருந்தது. ஆனால் வண்டியின் எடை எந்தப் பக்கம் சாய்ந்தால் எவ்வளவு இழுக்கும் என்று உடம்புக்குத் தெரிந்தது அன்றுதான். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

அடுத்தது பிரேக். ஓட்டக் கற்பதற்கு முன் நிறுத்தக் கற்க வேண்டும். "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், அதனால் பலர் ஆயுள் முழுக்கப் பின் பிரேக் மட்டுமே பிடிக்கிறார்கள். பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் நிறுத்துகிற சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி அழுத்திக்கொண்டே போக வேண்டும். மைதானத்தில் ஒரு செங்கல்லை வைத்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அதன் பக்கத்தில் நிறுத்திப் பழகுங்கள், அப்புறம் 30இல். தூரம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் ரோட்டில் முன்னால் போகிற பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டு போக மனம் வராது. மணல் கிடக்கும் இடத்திலும் திருப்பத்திலும் மட்டும் முன் பிரேக்கில் கை பதமாக இருக்கட்டும்.

எக்ஸ்.எல்லிலோ ஸ்கூட்டரிலோ பழகிவிட்டுப் பைக்குக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மொபெட்டில் இடது கை லீவர் பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச், பின் பிரேக் வலது காலில். அவசரத்தில் மூளை யோசிக்காது, கை பழகியதைத்தான் செய்யும். நான் முதன்முதலில் பைக் ஓட்டிய நாள் ஒரு ஆடு குறுக்கே வந்தது, நான் இடது லீவரை முழு பலத்தோடு பிடித்தேன், வண்டி நிற்காமல் இன்னும் சொகுசாக உருண்டு போனது. ஆடு புத்திசாலி, விலகிக்கொண்டது. எந்த வகைக்கு லைசென்ஸ் எடுக்கிறீர்களோ அந்த வண்டியிலேயே கடைசி இரண்டு வாரமாவது பழகுங்கள்.

மைதானம் கைவந்த பிறகு அதிகாலையில் காலி ரோடு, அப்புறம் கடைத்தெரு, கடைசியாகப் பெரிய ரோடு. ஒரு நாளாவது இருட்டின பிறகு ஓட்டிப் பாருங்கள், எதிரே வருகிறவன் ஹைபீமில் வரும்போது எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டும் (சாலையின் இடது ஓரத்தைப் பாருங்கள்). தூறலில் ஒரு நாள். மழை ஆரம்பித்த முதல் பத்து நிமிடம்தான் ரோடு ரொம்ப வழுக்கும், தூசியும் எண்ணெயும் குழம்பாகிக் கிடக்கும். ரோட்டில் போட்ட வெள்ளைப் பெயின்ட், பாதாளச் சாக்கடை மூடி, ரயில்வே கேட் தண்டவாளம், இவை மேல் ஈரத்தில் பிரேக் போடாதீர்கள். சேலை, துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உட்காருங்கள். பின் சக்கரத்துக்குச் சாரி கார்டு இருக்க வேண்டும் என்பது விதி. அழகாக இல்லை என்று கழற்றி வைக்கிறார்கள், வேண்டாம்.

எட்டு

30 நாள் முடிந்ததும் அதே சாரதி தளத்தில் ஓட்டும் தேர்வுக்கு நாள் குறித்துக்கொள்ளலாம். அன்றைக்கு நீங்கள் எடுத்துப் போகிற வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். எல் போர்டு, ஹெல்மெட், அசல் எல்.எல்.ஆர். கியர் வகைக்கு விண்ணப்பித்திருந்தால் கியர் வண்டிதான் கொண்டுபோக வேண்டும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தேர்வு வைக்கிற மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறோம், பெயருக்கு ஏற்ற மாதிரி பிரேக்கைப் பார்க்கிற இன்ஸ்பெக்டர்களும் உண்டு.

தேர்வில் எட்டு போடச் சொல்வார்கள், கை சிக்னல் காட்டச் சொல்வார்கள். கால் தரையில் படக் கூடாது, வண்டி ஆஃப் ஆகக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது. என் முதல் தடவை இரண்டாவது வளைவில் இடது கால் தானாக இறங்கி ஊன்றிவிட்டது. "ஒரு வாரம் கழிச்சு வாங்கம்மா" என்றார் அவர், கோபமில்லாமல். என் பின்னால் நின்ற பையன் சிரித்தான், அவனும் அதே வளைவில் ஊன்றினான், நான் சிரிக்கவில்லை. (கொஞ்சம் சிரித்தேன்.)

அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எட்டில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கண். முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி அங்கேயே சாயும். "தரையப் பாக்காத, போற எடத்தப் பாரு" என்று அப்பா கத்திக்கொண்டே இருந்தார், அதன் அர்த்தம் நூறாவது சுற்றில்தான் புரிந்தது. வளைவில் நுழைந்ததும் தலையைத் திருப்பி வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும், தோளோடு சேர்த்து. கை தானாக வரும். இரண்டாவது, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டு முறுக்கி விட்டு ஓட்டாதீர்கள். ஒரே அளவில் லேசாகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கால் குறையுங்கள். பைக் என்றால் கூடவே அரைக் கிளட்ச். முதல் கியரில் வண்டி வெட்டி வெட்டி இழுத்தால் இரண்டாவதில் போட்டுப் பாருங்கள், பலருக்கு அதுதான் சரிவருகிறது. வண்டி சாயும்போது உடம்பையும் சேர்த்துச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்காருங்கள், மெதுவான வேகத்தில் அதுதான் சமநிலை. முழங்கால் டேங்கை ஒட்டி இருக்கட்டும், விரித்து வைத்தால் கால் தரையைத் தேடும்.

பழகுவதற்குக் கோலமாவு ரொம்ப வசதி. அம்மாவின் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மைதானத்தில் பெரிய எட்டாகப் போட்டேன், தினமும் கொஞ்சம் சின்னதாக்கினேன். ஐந்தாம் நாள் எட்டு போடுவது விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அந்த நாளைக்கு முன்னால் தேர்வுக்குப் போகாதீர்கள். எட்டு எதற்கு, ரோட்டில் யாராவது எட்டு போட்டா ஓட்டுகிறோம் என்று கேட்பார்கள். தேர் திருவிழாக் கூட்டத்திலோ பள்ளிக்கூடம் விடும் நேரத்திலோ ஸ்கூட்டரில் ஊர்ந்து பாருங்கள், அங்கே வேலைக்கு வருவது அந்த மெதுவான வேகத்துச் சமநிலைதான். வேகமாக ஓட்ட யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கை சிக்னலில் சிக்கல், எல்லாமே வலது கையால் காட்ட வேண்டும், ஆக்சிலேட்டரும் வலது கையில்தான் இருக்கிறது. வலது பக்கம் திரும்ப, கையை நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப, நீட்டிய கையைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த, முழங்கையை மடித்து நேராக உயர்த்த வேண்டும். கை விட்டால் வண்டி மெதுவாகும், அந்த இரண்டு நொடி ஒற்றைக் கையில் நேராகப் போகப் பழகியிருக்க வேண்டும். அதையும் மைதானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபெயிலானால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவையும் ஃபெயிலானால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "எட்டெல்லாம் போட வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்று சொல்கிற ஆள் உங்களுக்கு நல்லது செய்யவில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அட்டை வந்த பிறகு

வந்ததும் பெயர், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, வண்டி வகை எல்லாம் சரியா என்று பாருங்கள். டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் செயலியிலோ ஏற்றி வைத்துக்கொண்டால் சோதனையில் அதைக் காட்டினாலே சட்டப்படி செல்லும். வாட்ஸ்அப்பில் இருக்கும் போட்டோ அப்படிச் செல்லாது.

இனி தமிழ்நாட்டு அபராதங்கள். 2022 அக்டோபரில் இங்கே தொகைகள் ஏறின. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000. சட்டத்தில் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் இருக்கிறது. ட்ரிபிள்ஸ் போனால் 1,000. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் தடவை 2,000. போன் பேசிக்கொண்டு ஓட்டினால் முதல் தடவை 1,000, மறுபடி மாட்டினால் 10,000. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவையே 10,000 அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைவிடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி யாரையாவது இடித்துவிட்டால், அடிபட்டவருக்குக் கொடுக்கும் இழப்பீட்டை நிறுவனம் வண்டியின் சொந்தக்காரரிடமே திரும்ப வசூலிக்க முடியும். அது வீடு நிலத்தை விற்கிற தொகையாகக்கூட ஆகலாம்.

ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். போட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு, பின்னால் பிடித்து முன்பக்கம் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது தொப்பி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் பின்னால் உட்காருகிறவரும் போட வேண்டும். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தையை ஏற்றினால் அதற்கு ஹெல்மெட்டும், உங்களோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும்.

விபத்து நடந்தால் ஓடாதீர்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்வதும் ஓட்டுகிறவரின் கடமை. 108ஐக் கூப்பிடுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும்கூட. வேறு யாரோ அடிபட்டுக் கிடந்து நீங்கள் உதவினால் அதற்காக உங்களைக் கேஸில் இழுக்கக் கூடாது என்று சட்டத்தில் 134ஏ பிரிவே இருக்கிறது.

அப்புறம், புதுப்பிப்பது. 30 வயதுக்குள் எடுத்தால் லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். 30இலிருந்து 50க்குள் என்றால் பத்து ஆண்டு. காலாவதியாவதற்கு ஓராண்டு முன்னாலிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்த மறுநாளே ஓட்டும் உரிமை போய்விடும், முன்பு இருந்த 30 நாள் சலுகை இப்போது இல்லை. முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி தேர்வுதான், அதாவது மறுபடி எட்டு.

அண்ணன் மகள் போன வாரம் எல்.எல்.ஆர். வாங்கிவிட்டாள். நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மைதானத்தில் அவள் ஸ்கூட்டரில் எட்டு போடுகிறாள், அண்ணன் பின்னால் ஓடிக்கொண்டே கத்துகிறான். கோடு கோலமாவில்தான் போட்டிருக்கிறது. சைடு ஸ்டாண்ட் எடுக்கவில்லை என்று பதில் அனுப்பினேன்.